அடியில் ஒட்டிய பெயர்

மூன்று குளிர்காலமாக
அடுப்புக்குக் கீழ் இழுப்பறையில் கிடக்கிறது
பதின்மூன்றுக்கு ஒன்பது அங்குலத் தட்டு.
கவிழ்த்தால் அடியில் பழுப்பேறிய காகித நாடா,
அதில் அழுத்தி எழுதிய ஒரு பெயர்:
ரன்குவிஸ்ட்.

ஆர்லிஸை அடக்கம் செய்த வாரம்
என் வீட்டுக்கு வந்த பதினான்கு தட்டுகளில்
பதின்மூன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்,
கழுவித் துடைத்து, வெறுமையாக.
டூ ஹார்பர்ஸில் அது எவ்வளவு பெரிய குற்றமென்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
தபால் நிலையத்தில் ஒருத்தி
சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டபோது
நானாகவே புரிந்துகொண்டேன்.

இது பதினான்காவது.

முப்பத்தொரு வருடம் கப்பல்களின் வயிற்றில்
இரும்புத்தாது கொட்டியவன் நான்.
எடை தெரியும், சாய்மானம் தெரியும்.
முட்டை உடைக்கத் தெரியாது.
ஓட்டுச் சில்லு கரண்டிக்குப் பிடிகொடுக்காமல்
கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது.

அவள் குறிப்பு அட்டையில்
சீஸ் இரண்டு கட்டி, சர்க்கரை ஒரு கோப்பை,
பிஸ்கட் தூளில் பிசைய
வெண்ணெய் போதுமான அளவு.
உனக்குப் போதும், ஆர்லிஸ்.
எனக்கு எவ்வளவு?

பட்டைத்தூள் புட்டியின் மூடியில்
அவள் எழுதிவைத்த வருடம்.
திறந்து மோந்தேன். மரத்தூள்.
இன்னொரு தரம் மோந்தேன்,
எங்கோ அடியில் ஏதாவது
இல்லை, மரத்தூள்தான்.
பனி வாரும் வண்டியின் பின்னாலேயே ஊர்ந்துபோய்
புதிது வாங்கிவந்தேன்.
பழையதை எறியவில்லை.
இரண்டும் அலமாரியில் தோளுரசி நிற்கின்றன,
அறிமுகமில்லாத இருவர்
பேருந்துக்கு நிற்பதுபோல.

நடுவில் ததும்பும்போதே எடுத்துவிடு,
முழுக்க இறுகட்டுமென்று காத்திருக்காதே
என்று இரண்டு கோடிட்டிருந்தாள்.
அடுப்பின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தும்
ததும்புவதை நம்ப மனசு வரவில்லை.
இன்னும் ஐந்து நிமிடம். இன்னும் ஐந்து.
ஏப்ரலில் ஏரிப் பனி பிளப்பதுபோல
ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரு வெடிப்பு.
பட்டையும் சர்க்கரையும் கலந்து
தூவி மெழுகினேன்.

இரவெல்லாம் கார் கொட்டகையில் வைத்தேன்.
காலையில் கத்தி இறங்கவில்லை.
மதியம் இறங்கியது.
வெந்நீரில் நனைத்து, துடைத்து, வெட்டி,
மறுபடி நனைத்து,
இருபத்துநான்கு துண்டு.
ஒன்றுகூட மற்றொன்றின் அளவில்லை.

கோரின் ரன்குவிஸ்ட் கதவைத் திறந்தாள்.
தட்டைத் தலைக்கு மேல் தூக்கி
கூரை ஒழுகலைத் தேடுபவள்போல
அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.
"இது என்னுடையது இல்லையே, வெர்லின்.
மெல்வின் போனபோது யாரோ கொண்டுவந்தது.
தொலையக் கூடாதென்று பெயரை ஒட்டினேன்."
நகத்தால் நாடாவின் மூலையைக் கிளப்பினாள்.
கீழே இன்னொரு நாடா: டோர்கில்சன்.
அதற்கும் கீழே ஒன்று,
எழுத்தெல்லாம் எண்ணெய் குடித்துப் போயிருந்தது.

"எந்த டோர்கில்சன்?"
"யாருக்குத் தெரியும்.
கல்லறையில் மூன்று பேர் இருக்கிறார்கள்."

நின்றபடியே ஓரத்துண்டு ஒன்றைத் தின்றாள்.
பட்டை அதிகம் என்றாள்.
இன்னொன்று எடுத்தாள்.
நானும் ஒன்று எடுத்தேன்.
அதிகம்தான்.
அடியில் பிஸ்கட் கல், மேலே பரவாயில்லை,
நடுவில் அந்த வெடிப்பு வாய்க்குள் தெரியவேயில்லை.

வெளியே மைனஸ் இருபது.
பிள்ளைகள் ஊர், குழாய் உறைந்தது, முழங்கால்
என்று எதையெதையோ பேசினோம்.
நான் கிளம்பும்போது
மிச்சத்தைத் தன் கிண்ணங்களுக்கு மாற்றி
தட்டை என் கையில் திணித்தாள்.
"உன்னிடமே இருக்கட்டும்.
ஹாபலாவை டுலூத் ஆஸ்பத்திரியிலிருந்து
வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள், தெரியுமில்லையா."

தெரியாது.

வெறும் தட்டோடு வீடு திரும்பி
கோட்டைக்கூடக் கழற்றாமல்
குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தேன்.
வெண்ணெய் இருந்தது,
போதுமான அளவு இல்லை.